தொண்ணூற்றைந்தாம் நம்பர் பெட்ரோல்

இதையும் என் தலையில்தான் கட்டப்போகிறார். இந்த வண்டிக்குள் வேறு யார் தலை இருக்கிறது?

ஷம்சியா இப்படி நினைத்துக்கொண்டிருக்கையில் அவள் கணவன் லுக்மான் மறுபடியும் சாவியைத் திருகினான். வாடகைக் கார் ஒருமுறை இருமிவிட்டு அடங்கியது. பிரான்சின் பிரிட்டனி கடற்கரையை ஒட்டிய சாலை. கீழே கடல் கண்ணுக்கெட்டாத தூரத்துக்கு இறங்கிப்போயிருக்க, படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன.

"இனி ஸ்டார்ட் பண்ணாதீங்க மச்சான். இழுக்கிற வண்டி வர்ற வரைக்கும் தொடக்கூடாதுன்னு வாடகைக் கம்பெனிப் பொண்ணு போன்ல சொல்லிச்சுல்ல?"

"டீசல் வண்டின்னு கார் குடுத்தவன் கவுண்டர்லயே சொல்லியிருக்கணும்."

"சாவி குடுக்கும்போது சொன்னான்."

"அப்ப நீ எனக்கு ஞாபகப்படுத்தியிருக்க வேணாமா?"

அவர்கள் குடியிருக்கும் பஹ்ரைனில் பெட்ரோல் பங்கில் யார் இறங்குகிறார்கள்? ஏசி ஓட, கண்ணாடியை நாலு விரல் இறக்கி, "பாய், ஃபுல்" என்றால் வேலை முடிந்தது. ஈசா டவுனில் அவர்களுக்குத் தெரிந்தவர் எல்லோருடைய காரும் பெட்ரோல் கார்தான். இங்கே லுக்மானே இறங்கிக் குழாயைப் பிடிக்க வேண்டியிருந்தது. பஹ்ரைனில் போடும் பெட்ரோலின் அதே எண்ணைக் குழாயில் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துபோயிற்று. "ஷம்சி, இங்க பாரு, நம்ம தொண்ணூத்தஞ்சு!" இது டீசல் வண்டி என்பது மறந்துபோய் அவளும் சிரித்தாள். இந்தப் பயணத்தில் இருவரும் சேர்ந்து சிரித்தது அப்போது மட்டும்தான்.

அவள் கடல் பார்க்க வரவில்லை. கீழக்கரையில் பிறந்தவளுக்குக் கடல் புதிதா? லுக்மான் ஒரு வாக்குக் கொடுத்திருந்தான், அதற்காக வந்தாள்.

கல்யாணமாகி இரண்டாம் வருடம், மனாமாவில் ஒரு டாக்டரம்மா பரிசோதனை முடிவை லுக்மான் பக்கம் திருப்பி வைத்து மெல்லப் பேசினார். குழந்தை உண்டாகாததற்குக் காரணம் அவன் உடம்பில் இருந்தது. கார் நிறுத்துமிடத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி லுக்மான் சொன்னான்: "உம்மா தாங்கமாட்டாஹ. உனக்குத்தான் கொறைன்னு சொல்லிடு புள்ள. கொஞ்ச நாளைக்கு."

கொஞ்ச நாள் பல வருடமாயிற்று. லீவில் ஊருக்குப் போகும்போதெல்லாம் மாமி, லுக்மானின் உம்மா, கசாயம் காய்ச்சிக் கொடுப்பார். அவள் குடிப்பாள், இல்லாத நோய்க்கு. சென்ற லீவில் லுக்மானின் அக்கா நஸீஹா அடுப்படியில் வைத்து, "தம்பிக்கு இன்னொரு கல்யாணம் பண்ணிவச்சா நீ ஒத்துக்குவியாம்மா?" என்று கேட்டாள், அடுப்பில் கொதிக்கும் மீன் ஆணத்தில் உப்புப் போதுமா என்று கேட்கும் குரலில். ஹாலில் இருந்த லுக்மானுக்கும் அது கேட்டது. அவன் டிவியின் சத்தத்தைக் கூட்டினான்.

அன்றைக்கு அவள் அழுத அழுகைக்குத்தான் இந்தப் பயணம். "எங்கயாச்சும் தூரமாப் போயிட்டா எனக்குத் தைரியம் வரும். அங்கிருந்து உம்மாகிட்ட போன்ல சொல்லிடுறேன்" என்றான் லுக்மான்.

தினமும் சாயங்காலம் வீடியோ கால் போட்டான். கலங்கரை விளக்கத்தைக் காட்டினான், கல் வீடுகளைக் காட்டினான், சாப்பிட்ட நண்டைக்கூடக் காட்டினான். ஒவ்வொரு முறையும் ஷம்சியா அவன் வாயையே பார்த்திருந்தாள். நேற்றிலிருந்து பார்ப்பதை விட்டுவிட்டாள். நாளைக்குத் திரும்பும் விமானம்.

டாஷ்போர்டில் போன் அதிர்ந்தது. லுக்மான் எடுத்தான், வீடியோ கால். நஸீஹா. பின்னால் கட்டிலில் மாமி, கையில் தஸ்பீஹ் மணிமாலை.

"என்னடா, வண்டி படுத்துக்கிச்சாமே? மெசேஜ் பாத்தேன். ஒட்டகம் மேய்க்கிற ஊர்ல ஓட்டிப் பழகினவனுக்குப் பிரான்சு கேக்குதோ!"

"போ லாத்தா..."

"என்னதான் ஆச்சு, சொல்லேன்!"

லுக்மான் போனை நெஞ்சோடு அழுத்தி மூடிக்கொண்டு ஷம்சியாவின் பக்கம் சாய்ந்தான்.

"பெட்ரோலப் போட்டது நீதான்னு சொல்லிடு. இல்லாட்டி லாத்தா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பா. பொம்பள தெரியாமப் போட்டுட்டான்னா யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாஹ. சின்ன விசயந்தானே?"

சின்ன விஷயம்தான். அவளுக்கும் அது தெரிந்தது. ஒரு டாங்கு பெட்ரோலைக்கூடத் தன்னுடையது என்று சொல்ல முடியாத மனிதர் மற்றதை எந்த ஊரில் போய்ச் சொல்வார்? இதைவிடத் தூரமான ஊருக்குப் போனாலும் சொல்லமாட்டார். கசாயம் காய்ந்துகொண்டேயிருக்கும். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

அவன் போனை நீட்டினான். திரையில் இப்போது மாமியின் முகம் மட்டும். "ஷம்சியா, என்னம்மா ஆச்சு?"

ஷம்சியா கைகளை மடியிலிருந்து எடுக்கவில்லை.

"நான் வண்டிய விட்டு எறங்கவே இல்லயே மச்சான்," என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "நீங்களே சொல்லுங்க."