அவள் துவைத்த சட்டை

“இழுங்க தம்பி, இன்னும் கொஞ்சம். சுவத்தோட ஒட்டிக்கிட்டிருக்கு பாருங்க,” என்றாள் பெரியவள்.

தம்பி என்று அவள் அழைத்தது தங்கையின் கணவனை. அவன் துணி காயவைக்கும் டிரையரின் இரண்டு பக்கத்தையும் பிடித்து இழுத்தான். தரையில் அது கிறீச்சிட்ட சத்தம் வாசல்வரை கேட்டிருக்கும். சில அடி தள்ளி, கூடத்தின் நடுவில் தங்கை, சின்னவள், உயிரில்லாமல் படுத்திருந்தாள். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். டிரையர் இருந்தது சமையலறையை ஒட்டிய ஒடுக்கமான அறையில், அதற்குக் கதவு கிடையாது. எல்லோர் கண்ணிலும் எல்லாம் படும். பெரியவளுக்கு அதுதான் வேண்டும்.

அவனுடைய அண்ணன் எழுந்து வந்தார். “ஏம்மா, இப்பப் போயா இந்த வேலை? வண்டி வர நேரம். அவன் போட்டுக்க ஒரு சட்டைதானே வேணும்? என்னோடதை எடுத்துட்டு வரச் சொல்றேன்.”

“உங்க சட்டை உங்களுக்கு இருக்கட்டும்ண்ணே. அவ கடைசியா தோச்சது இது. இதைப் போட்டுக்கிட்டுத்தான் இவரு அவளை அனுப்பி வைக்கணும். வெளிய மழை கொட்டுது, வேற எப்படிக் காயும்?”

“கூடப் பொறந்தவளுக்கு எவ்ளோ பாசம் பாருங்க,” என்று கீழ்வீட்டுக்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள். நேற்றுக் காலை படிக்கட்டில் விழுந்து கிடந்த சின்னவளை முதலில் பார்த்தது அவள்தான். ஈரத்துணிக் கூடை உருண்டு ஒவ்வொரு படியிலும் ஒரு சட்டை கிடந்ததாம். பொறுக்கி எடுத்துக் கூடையோடு கொண்டுவந்து வைத்ததும் அவள்தான். அண்ணன் வேறு வழியில்லாமல் போய் உட்கார்ந்தார்.

“ப்ளக்கைப் பிடுங்கிட்டீங்களா தம்பி? ஷாக் கீக் அடிச்சிடப் போகுது,” என்றாள் பெரியவள். குரலில் அத்தனை கரிசனம்.

“பிடுங்கிட்டேன்க்கா.”

அந்தக் கட்டடத்தில் அவனுக்கு டாக்டர் என்று பெயர். மெஷின் டாக்டர். வாஷிங் மெஷின், டிரையர், ஃபிரிஜ், எது படுத்தாலும் டாக்டரைக் கூப்பிடு என்பார்கள். கைராசிக்காரன், கை வைத்தால் ஓடும் என்பார்கள். சின்னவளுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. கல்யாணமான புதிதில் போன் செய்தால் கணவன் புராணம்தான். பேச்சுக்கு நடுவே டிரையர் துணியை முடித்துவிட்டுப் பீப் பீப்பென்று கத்தும். கதவைத் திறக்கும்வரை விடாது. பின்னாலிருந்து அவன் குரல் கேட்கும்: “ஏய், மெஷின் கத்துது பாரு!” உட்கார்ந்த இடத்தைவிட்டு எழமாட்டான், துரை. “இரு அக்கா, அவ கூப்பிடுறா,” என்று மெஷினை ஏதோ நாத்தனார் மாதிரி சொல்லிவிட்டு ஓடுவாள் சின்னவள்.

பிறகு போனில் அந்தப் பீப் சத்தம் கேட்பது நின்றுபோனது. அதற்குப் பதிலாக மூச்சிரைப்பு கேட்டது.

“என்னடி இப்படி வாங்குது?”

“மொட்டைமாடிக்குப் போயிட்டு வந்தேன்க்கா. துணி காயப்போட.”

“மெஷின் என்னாச்சு?”

“சுத்துது. சூடுதான் வரல.”

“வீட்டுக்குள்ளயே மெக்கானிக்கை வச்சுக்கிட்டு நீ மாடிப்படி ஏறுறியா? ஆஸ்பத்திரி டாக்டர் உன்கிட்ட என்னடி சொன்னாரு?”

“இவருக்கு வேலை ஜாஸ்திக்கா. அலுத்துப்போய் வர்றாரு. ஞாயித்துக்கிழமை மெஷினைப் பாக்கறேன்னிருக்காரு.”

ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன, போயின. பெரியவள் ஒருமுறை நேரிலேயே வந்து கேட்டாள். பாரம் தூக்கக்கூடாது, படி ஏறக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் இதயத்தைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னது இவன் முன்னால்தானே? “பாத்துடலாம்க்கா, அது ஒண்ணும் பெரிய விஷயமில்லை,” என்று சிரித்தான். பெரிய விஷயமில்லை என்பது இன்றைக்கும் அவள் காதில் ஈயமாக இருக்கிறது. அவனை நாலு பேர் முன்னால் கன்னத்தில் அறைய வேண்டும் என்றுதான் நேற்று பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தாள். வந்து, மூலையிலிருந்த அந்த ஈரக் கூடையைப் பார்த்த பிறகு, ஓர் அறை ரொம்பச் சின்ன தண்டனை என்று பட்டது. அறைந்தால் அழுவான், எல்லோரும் அவனுக்குத்தான் தட்டிக்கொடுப்பார்கள்.

அவன் பின்பக்கத் தகட்டின் திருகுகளைக் கழற்ற ஆரம்பித்தான். பெரியவள் வாசல் நிலையில் சாய்ந்து நின்றுகொண்டு கூடத்தைப் பார்த்துப் பேசினாள்.

“ஏம்மா, உங்க வீட்டு மெஷினையும் இவருதான் சரி பண்ணினாரா?”

“ஐயோ, அதை ஏன் கேக்கறீங்க,” என்றாள் கீழ்வீட்டுக்காரி, மூக்கைத் துடைத்துக்கொண்டு. “சொல்லி வாய் மூடல, பையைத் தூக்கிட்டு வந்து நின்னாரு. தங்கமான மனுஷன். அவருக்கா இப்படி ஆகணும்!”

“ஃபிரிஜ்ஜும் பாப்பாரா?”

“எங்க ஃபிரிஜ்ஜை ராத்திரி சாப்பாட்டைக்கூட விட்டுட்டு வந்து பாத்தாரு,” என்றார் மூலையிலிருந்த ஒரு பெரியவர். “பால் கெட்டுப்போயிடும்னு அவருக்குத்தான் பதட்டம்.”

திருகாணி ஒன்று தரையில் விழுந்து உருண்டது. அவன் அதைத் தேடினான். பெரியவள் காலால் அவன் பக்கம் தள்ளிவிட்டாள்.

எதிர்வீட்டு டீச்சர் நல்ல மனசுக்காரி, பாவம். அவளும் தன் பங்குக்குச் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தாள். “நேத்துகூட எங்க மெஷின்ல தண்ணி ஒழுகுதுன்னு காலையில கதவைத் தட்டினேன். டீயைக்கூடக் குடிக்காம வந்துட்டாரு. அவரு எங்க வீட்டுல இருக்கறப்பதான் படியில சத்தம்...”

டீச்சர் நிறுத்தினாள். கையால் வாயை மூடிக்கொண்டாள். கீழ்வீட்டுக்காரி டீச்சரைப் பார்த்தாள், பிறகு டிரையரைப் பார்த்தாள், பிறகு நடுக்கூடத்தைப் பார்த்தாள். அவளுடைய அழுகை சட்டென்று நின்றது.

நேற்று முழுக்க இதை யாரும் பெரியவளிடம் சொல்லவில்லை.

“என்ன கோளாறு தம்பி?” என்று உள்ளே திரும்பினாள்.

அவன் முகம் சாம்பல் பூத்திருந்தது. டிரையரின் பின்னாலிருந்து சூட்டுக்காற்றை வெளியே விடும் மடிப்புக் குழாயைக் காட்டினான். மெஷினைச் சுவரோடு தள்ளி வைத்ததில் அது சப்பளிந்து கிடந்தது. கழற்றி உதறியபோது உள்ளிருந்து துணிப்பஞ்சு கட்டிக் கட்டியாக, சாம்பல் நிறத்தில் விழுந்தது.

“காத்து வெளிய போகாம உள்ளயே சூடு ஏறியிருக்கு. அதனால ஃபியூஸ் போயிருக்கும். அது போச்சுன்னா மெஷின் சுத்தும், சூடு வராது.”

“சுவத்தோட யாரு தள்ளினா? அவளால இதை நகத்தக்கூட முடியாதே.”

“நான்தான். கூட்டும்போது இடைஞ்சலா இருக்குன்னா. தள்ளி வச்சேன்.”

“ஃபியூஸ்தான்னு நிச்சயமா தெரியுமா? சரியா பாருங்க. வேற ஏதாவது பெரிய கோளாறா இருக்கப் போகுது.” பெரிய கோளாறாக இருக்க வேண்டும் என்று ஒரு நொடி அவளே ஆசைப்பட்டாள். அப்படி இருந்தால் தங்கை ஏதோ ஒன்றுக்காகச் செத்ததாகவாவது ஆகும்.

அவன் மின்சாரம் ஓடுமா என்று பார்க்கும் மீட்டரை எடுத்தான். ஹீட்டரின் இரண்டு முனையிலும் கம்பிகளை வைத்தான். மீட்டர் சத்தம் கொடுத்தது. ஹீட்டர் நன்றாக இருக்கிறது என்றான். பக்கத்தில் விரல்நுனி அகலத்தில் ஒரு வெள்ளை ஃபியூஸ் இருந்தது. அதில் வைத்தான். மீட்டர் ஊமையாக இருந்தது. மறுபடி வைத்தான். சத்தமே இல்லை.

“இதுதான்,” என்றான்.

“இவ்ளோ சின்னதா?”

“ம்.”

“சரி, இந்தச் சாமான் எந்தக் கடையில கிடைக்கும்? சொல்லுங்க, யாரையாவது அனுப்புறேன். தொலைவா இருந்தாலும் பரவாயில்லை.”

அவன் தலையைக் குனிந்துகொண்டு வேலைப்பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்தான். ஒரு பழைய மாத்திரை டப்பாவை எடுத்தான். உள்ளே அதே மாதிரி வெள்ளை ஃபியூஸ்கள், கைநிறைய.

“பையிலயே இருந்துச்சாக்கும்?” அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் அண்ணனுக்குக் கேட்டது. அவர் செருமிக்கொண்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“எப்பவும் இருக்கும்க்கா.”

பழையதைப் பிடுங்கினான். புதியதை வைத்தான். குழாயிலிருந்த மிச்சப் பஞ்சைத் தட்டி, நேராக்கி மாட்டினான். தகட்டை மூடினான். பெரியவள் கூடையிலிருந்து அவனுடைய சட்டைகளை ஒவ்வொன்றாக உதறிக் கொடுத்தாள். வெள்ளைச் சட்டை ஒன்று, வேலைக்குப் போடும் நீலச் சட்டைகள், பனியன்கள். எல்லாம் அவனுடையவை. அடியில் ஒரே ஒரு நைட்டி, பூப்போட்டது, தோள் தையல் விட்டது. அதை அவள் கொடுக்கவில்லை. பிழிந்து சுருட்டித் தோளில் தொங்கிய துணிப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“அதையும் போடலாமேக்கா. காஞ்சிடும்.”

“வேணாம். அவ துணியை உங்க மெஷின் காயவைக்க வேணாம்.”

ப்ளக்கைச் செருகிப் பொத்தானை அழுத்தினான். உருளை சுழன்றது. கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக் கதவு வெதுவெதுப்பாவது தெரிந்தது. அவள் உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள்.

“அவ்ளோதானா தம்பி?”

“அவ்ளோதான்க்கா.”

“டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சுபோச்சே.”

அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். கைகளெல்லாம் பஞ்சு. “அக்கா, நான் வேணும்னு... அவ எங்கிட்ட ஒருதரம்கூடக் கத்துனதில்லக்கா. கத்தியிருந்தான்னா...”

“கையைக் கழுவிட்டு வாங்க,” என்றாள் பெரியவள். “வண்டி வந்துடும்.”

அவன் இன்னும் ஏதோ சொல்ல வந்தான். அவள் கேட்க நிற்கவில்லை. அவன் அழுது, அவள் தேற்றி, இரண்டுபேரும் நல்லவர்களாகிவிடும் அந்த நாடகம் தன் உயிர் உள்ளவரை நடக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டாள். கூடத்துக்குப் போய்த் தங்கையின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். நெற்றியில் கிடந்த முடியை ஒதுக்கினாள். பாவி மகளே, ஒரு தடவை கத்தியிருக்கக்கூடாதா நீ?

வண்டி வந்தது. ஆட்கள் படியேறி வந்தார்கள். அண்ணன் ஒழுங்கு சொல்லிக்கொண்டிருந்தார். தூக்குவதற்காக எல்லோரும் எழுந்து வழிவிட்டபோது, உள்ளே டிரையர் நின்றது.

பீப். பீப். பீப்.

அவன் சின்னவளின் கால்மாட்டில் நின்றிருந்தான். சத்தம் கேட்டதும் அவன் தலை தானாகச் சமையலறைப் பக்கம் திரும்பியது. வாய் திறந்தது. “ஏய், மெஷின் க...”

கூடம் முழுக்கக் கேட்டது. தூக்க வந்தவர்கள்கூடக் கையை எடுத்துவிட்டார்கள். அவன் திறந்த வாயோடு அப்படியே நின்றான். மெஷின் கத்திக்கொண்டே இருந்தது. கீழ்வீட்டுக்காரி தன் வீட்டுப் பழக்கதோஷத்தில் உள்ளே போகத் திரும்பினாள். பெரியவள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“அவரே போவாரு,” என்றாள்.

அவன் போனான். உள்ளறையில் அவன் நடப்பது கேட்டது. கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. பீப் நின்றது. அதன்பிறகு அவன் வெளியே வர நேரமாகியது. வந்தபோது வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தான். பொத்தான்கள் மேலும் கீழுமாக மாறிப் பூட்டியிருந்தன. வழக்கமாக அதைச் சரி செய்ய ஒருத்தி இருந்தாள். அண்ணன் கையை நீட்டினார். பிறகு பெரியவளைப் பார்த்துவிட்டு இழுத்துக்கொண்டார்.

“சூடா இருக்குக்கா,” என்றான் அவன், யாரையும் பார்க்காமல்.

“இருக்கும்,” என்றாள் பெரியவள்.

வண்டியில் அவனை முன்னால் ஏற்றினார்கள். பெரியவள் பின் இருக்கையில், சின்னவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். மழை இன்னும் விட்டபாடில்லை. முன்னால் அவனுடைய முதுகு தெரிந்தது. சட்டை சுருக்கமில்லாமல், நன்றாகக் காய்ந்து, வெள்ளைவெளேரென்று இருந்தது. நைட்டியின் ஈரம் பையைத் தாண்டி, சேலையைத் தாண்டி, அவள் தொடையில் சில்லென்று இறங்கியது. அவள் பையை நகர்த்தவில்லை.