பிரதாப்புக்கு வந்த சாமி

ஹட்டன் பஜாரில் எதையும் விற்றுவிடலாம். போன வருடத்துக் காலண்டரைக்கூட, சாமிப் படம் நன்றாக இருக்கிறது என்று சொல்லித் தள்ளிவிட்டவர் பலசரக்குக் கடை முதலாளி சண்முகராஜா. ஆனால் விழாமல் நிற்பதையும் ஒரு சரக்காக விற்கலாம் என்று அறுபத்திரண்டு வயது வரை அவருக்கு யாரும் சொன்னதில்லை. கடைசியில் சொன்னது அவர் பெற்ற மகன் பிரதாப்.

“கீழ விழாம நிக்கிறதுக்கு எவன்டா காசு குடுப்பான்? ஊரே சும்மாதானடா நிக்குது” என்றார்.

பிரதாப் கிழக்குக் கடற்கரை அறுகம்பையில் ஒன்பது வருடம் அலைமேல் நின்றவன். ஹோட்டலில் தட்டுக் கழுவப் போய், கடலைப் பார்த்து மயங்கி, பலகை ஏறிப் பழகி, கடைசியில் வெள்ளைக்காரர்களுக்கே அலைச்சறுக்கு சொல்லிக்கொடுக்கும் மாஸ்டரானவன். ஊர் திரும்பியதும் கடை மாடியில் அரிசி மூட்டைகளை ஓரங்கட்டினான். பெரிய தண்ணீர்க் குழாயைத் துண்டு போட்டு, உள்ளே சீமெந்து அடைத்து உருளையாக்கினான். அதன்மேல் ஒரு பலகை. பலகைமேல் ஏறி நின்றால் உருளை ஓடப் பார்க்கும்; ஓடவிடாமல் நிற்கவேண்டும். இதுதான் வகுப்பு. முதல் மாதம் சிரிக்க வந்தார்கள். இரண்டாம் மாதம் முழங்கால் வலிக்கும் டீச்சர்மார் வந்தார்கள், பிறகு பாடசாலை கிரிக்கெட் குழு வந்தது, பிறகு பழைய துரை பங்களாவை ஹோட்டலாக்கியவர்கள் ஆள் அனுப்பினார்கள். சண்முகராஜா அரிசி மூட்டைகளைத் தானாகவே கீழே இறக்கிக்கொடுத்தார். அவர் ஒரு தொழிலை மெச்சுவது அப்படித்தான்.

ஏன் கடலை விட்டு வந்தான் என்று கேட்டவர்களிடம், சுற்றுலாக்காரர் வரத்து குறைந்துபோனது என்று பிரதாப் சொல்லியிருந்தான். பொய். ஒருநாள் அலைக்குள் விழுந்தவனுக்கு எது மேல், எது கீழ் என்று தெரியாமல் போயிற்று. காற்றைத் தேடி அடிமணலை நோக்கி நீந்திக்கொண்டிருந்தவனைக் கூட இருந்தவர்கள் இழுத்துப் போட்டார்கள். கண்டியில் காது டாக்டர் பார்த்துவிட்டு, இடது காதின் உட்பகுதி கெட்டுவருகிறது, தலைசுற்றல் சொல்லாமல் வரும், கொள்ளாமல் போகும், கடல் இனி வேண்டாம் என்றார். அன்றிலிருந்து அவனிடம் மிச்சமிருந்த கடல் அந்த மாடிதான். உலகத்துக்கு நிற்கக் கற்றுக்கொடுப்பவன் தானே நிற்க முடியாதவன் என்று பஜாருக்குத் தெரிந்தால், மறுநாளே மூட்டைகள் மாடி ஏறிவிடும். சுற்றல் வரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெருவை வேடிக்கை பார்ப்பதுபோல் நிற்பான்.

காளியாயி அங்கே வந்தது ஆடி மாதம். வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவள். மழைத்தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. எலும்பு கூடிவிட்டது, தைரியம் கூடவில்லை. கையில் கம்பில்லாமல் நாலடி வைக்க வராது. வயது ஐம்பத்து மூன்று. இன்னும் ஒரு மாதத்துக்குள் மலையில் வேலைக்குத் திரும்பாவிட்டால் பதிவிலிருந்து பேர் வெட்டிவிடுவோம் என்று தோட்டத்து ஆபீசில் சொல்லிவிட்டார்கள். பேர் வெட்டினால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் சந்தேகம். பிரதாப் அவளிடம் கட்டணம் வாங்கவில்லை. சண்முகராஜாவும் ஆச்சரியமாக அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

பலகையில் அவள் ஏறிய முதல் நாள், “தம்பி, இது நம்ம கண்டாக்கையா மாதிரி. எந்தப் பக்கம் சாயும்னே தெரியல” என்றாள். தோட்டத்து மேற்பார்வை ஐயாவை நினைத்து வகுப்பே சிரித்தது. இரண்டு வாரத்தில் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பத்து எண்ணும்வரை நின்றாள். தரையில் நிற்பது வேறு, ஈரச் சரிவில் கூடையோடு நிற்பது வேறு; இன்னும் மூன்று வாரமாவது வேண்டும், ஆபீசில் நானே வந்து பேசுகிறேன் என்று பிரதாப் சொல்லியிருந்தான். தலையாட்டினாள்.

இந்த நேரத்தில்தான் அவள் தோட்டத்து மாரியம்மன் திருவிழா வந்தது. வருடா வருடம் கரகம் எடுப்பவருக்குக் காய்ச்சல். கோயில் தலைவர் சின்னராசா பஜாருக்கு வந்து, பேலன்ஸ் மாஸ்டர் நீங்க இருக்கும்போது நாங்க எதுக்கு வேற ஆள் தேடணும் என்று கடை வாசலிலேயே கேட்டுவிட்டார். பிரதாப் தயங்கினான். சண்முகராஜா தயங்கவில்லை. நாலு தோட்டத்து சனம் பார்க்க, கை வைக்காமல் தலையில் குடம் நிற்கும். இதைவிட விளம்பரம் கொழும்புக்காரனுக்கும் கிடைக்காது என்றார். விளம்பரம் என்ற சொல் மகனுக்கும் இனித்தது. வியாபாரி வீட்டு ரத்தம், என்ன செய்வது. ஒன்பது நாள் விரதமும் ஒழுங்காக இருந்தான். அதில் உப்பைக் குறைத்தது, கண்டி டாக்டர் சொன்னபடி, காதுக்கும் நல்லது என்று ஒரு கணக்கு.

ஆற்றங்கரையில் குடத்துக்குப் பூச்சுற்றி, பூசை செய்து, கரகம் பாலித்துத் தலையில் ஏற்றியபோது மதியம் மூன்று மணி. பாதி வழி வரை அவனைப்போல் கரகம் எடுத்தவன் அந்த மலையில் இல்லை. பூச்சரம்கூட அசையவில்லை. பெண்கள் குலவை போட்டார்கள். தப்பு மேளத்தின் சத்தம் காதோரம் நெருங்கியது. தொழிற்சாலை வளைவில் இடது காதுக்குள் ஏதோ திருகிக்கொண்டது. எதிரே இருந்த தேயிலை மலை எழுந்து தலைக்குமேல் போயிற்று.

தள்ளாடினான். கண்மணிகள் தாமாக ஒரு பக்கம் ஓடி ஓடித் திரும்பின. குடம் சரியுமுன் நாலு கைகள் பிடித்துக்கொண்டன. அவ்வளவுதான், அவமானம் முடிந்தது, ஊருக்குத் தெரிந்துபோயிற்று என்று நினைத்தான். ஆனால் அந்தக் கூட்டத்துக்குத் தலைசுற்றல் என்ற ஒன்று தோன்றவே இல்லை. கரகம் எடுத்தவன் ஆடுகிறான், கண் சுழல்கிறது, வேறென்ன?

“ஆத்தா வந்துட்டா” என்று ஒரு குரல் எழுந்தது. தப்பு இரண்டு மடங்கானது. மஞ்சள் தண்ணீரைக் காலில் ஊற்றினார்கள். பூசாரி திருநீற்றுத் தட்டை அவன் கையருகே நீட்டினார். வரிசை கட்டினார்கள். கேட்டதற்கு ஆத்தா திருநீறு கொடுத்தால் உத்தரவு. கையை மடக்கிக்கொண்டால் உத்தரவு இல்லை. இது அங்கே குழந்தைக்கும் தெரியும். பிரதாப்புக்கும் தெரியும்.

முதலில் வந்தவர்களுக்கு அள்ளி அள்ளிக் கொடுத்தான். கல்யாணம், வெளிநாட்டு வேலை, பரீட்சை. யாருக்கும் நட்டமில்லாத சரக்கு. சுற்றல் மெல்ல இறங்கிவந்தது. அப்போது கூட்டத்தை விலக்கிக் கம்பு ஊன்றி வந்தாள் காளியாயி.

“ஆத்தா, நான் கம்பப் போட்டுட்டு மலைக்கு ஏறட்டுமா?”

அந்த நேரத்தில் அவனுக்குத் தலை தெளிவாக இருந்தது. அதுதான் பிறகு அவனைத் தின்றது. கையை மடக்கியிருக்கலாம். மடக்கினால் அத்தனை பேருக்கும் கொடுத்த ஆத்தா இவளுக்கு மட்டும் ஏன் மறுத்தாள் என்று சனம் கேட்கும், அவள் அங்கேயே உட்கார்ந்து அழுவாள், தான் வாய் திறக்கவேண்டி வரும், திறந்தால் காதுக் கதையும் வரும். நாளைக்கு வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். மற்றவர்களுக்குப் போட்டதுபோல் அவள் நெற்றியிலும் திருநீறு போட்டான்.

மறுநாள் அவள் வகுப்புக்கு வரவில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு, கம்பில்லாமல் மலை ஏறியிருந்தாள். பதினொரு மணிக்கு மழை. நிறைந்த கூடையோடு இறங்கும்போது சரிவில் விழுந்தாள். இந்த முறை இடுப்பு எலும்பு இரண்டாகப் போயிருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் பிரதாப் போனது மூன்றாம் நாள். வழியில் அவள் தோட்டத்துக்காரர்கள் இரண்டு பேர் அவனைப் பார்த்துச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். காளியாயி சுருங்கிப்போய்ப் படுத்திருந்தாள். இனி நடப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டதாக அவளே சொன்னாள்.

அவன் ஸ்டூலில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, எல்லாவற்றையும் சொன்னான். கடலை, காதை, கண்டி டாக்டரை, அன்று தொழிற்சாலை வளைவில் நடந்ததை. அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.

“ஜன்னல் கம்பிய நீங்க புடிக்கிறதப் பாத்திருக்கேன் தம்பி” என்றாள். “ஒருத்தருகிட்டயும் சொல்லல.”

“அப்ப அது சாமி இல்லைனு தெரியுமா?”

“சந்தேகந்தான்.”

“பொறவு ஏன்க்கா ஏறுனீங்க?”

கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: “மாசம் முடிய ஆறு நாளுதான் கெடந்துச்சு. ஏறுன்னு யாராச்சும் ஒருத்தர் சொல்லணும்ல. நீங்க சொன்னீங்க. நல்லாச் சொல்லிக்குடுத்தீங்க தம்பி, பதினோரு மணி வரைக்கும் நின்னேன்.”

அவனால் அங்கே அதற்குமேல் உட்கார முடியவில்லை. எழுந்தான். எழுந்த வேகத்தில் வார்டு முழுவதும் ஒரு பக்கமாகச் சரிந்தது. கட்டில் கம்பியைத் தேடிய கைக்குக் காற்றுதான் கிடைத்தது. பக்கத்துக் கட்டிலில் காளியாயியின் லயத்துப் பெண் ஒருத்தி. அவளைப் பார்க்க வந்த ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். அத்தனை பேரும் அவன் கண்களைப் பார்த்தார்கள். ஒரு கிழவி கைகூப்பி முன்னால் வந்தாள். அவள் வாயில் ஒரு கேள்வி தயாராக இருந்தது.

“வேணாம்மா” என்றான் பிரதாப், வார்டுக்கே கேட்கும்படி. “சாமி இல்ல. அன்னைக்கும் சாமி இல்ல. எனக்குக் காதுல வருத்தம், தலை சுத்துது, நிக்க முடியாது. யாராவது புடிங்க.”

உடனே யாரும் பிடிக்கவில்லை. படுக்கையிலிருந்து காளியாயியின் கை மட்டும் நீண்டு அவன் சட்டை நுனியைப் பற்றியது. அந்தப் பிடியில் ஒரு பலமும் இல்லை. பார்க்க வந்தவர்களில் ஒருவர் அதற்குள் போனை எடுத்து, பஜாரில் யாரையோ அழைத்தபடி வராந்தாவுக்குப் போய்விட்டார்.