சங்கத்தாருக்குப் பொருந்தாது

வனெட்டா ப்ரூயிட்டுக்கு மைக் என்றால் கொள்ளைப் பிரியம். இருபத்திரண்டு வருடமாக ஹார்பர் கிராண்ட் ஓட்டலில் அடுத்தவர் படுத்தெழுந்த படுக்கையைச் சரிசெய்கிறவள் அவள். அப்படிப்பட்டவள் பேச, நகர மன்றத்தின் ஒன்பது உறுப்பினர்களும் வாய் மூடிக் கேட்கிறார்கள் என்றால் சும்மாவா? பொதுமக்களுக்கு ஆளுக்கு இரண்டே நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தையும் ஒராலியாவின் மணிக்கட்டுக்கே கொடுத்துவிட்டாள்.

ஒராலியா சிஸ்னெரோஸ் அவளோடு எட்டாவது மாடியில் அறைகள் சுத்தம் செய்கிறவள். மெத்தை தூக்கித் தூக்கி வலது மணிக்கட்டு வீங்கிப்போயிருந்தது. பகலில் ஓட்டல், சாயங்காலம் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் இன்னொரு வேலை. தன் மகளின் ஞானஸ்நானத்துக்கு வனெட்டாவைத்தான் ஞானத்தாயாக நிறுத்தினாள். அன்றிலிருந்து அவளைத் தன் ஸ்பானிஷ் வழக்கப்படி 'கொமாத்ரே' என்றுதான் கூப்பிடுவாள்.

"இந்த ஊர் ஓட்டல்ல வேலை பாக்கற ஒவ்வொரு பொம்பளைக்கும் மணிக்குப் பதினேழு டாலர்! அதுக்கு ஒரு சென்ட் கொறைஞ்சாலும் அநியாயம்!" என்று வனெட்டா முடித்தபோது சிவப்புச் சட்டை போட்ட தொழிற்சங்கத்துக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஓட்டல் முதலாளிகள் சங்கத்தின் வக்கீல் கடைசி வரிசையில் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தார். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அது ஏன் என்று வனெட்டாவுக்குத் தெரியும். பதினேழு டாலர் கூலிச் சட்டம் ஆறுக்கு மூன்று என்று நிறைவேறியது.

மூன்று வாரத்துக்கு முன்பே சங்க அலுவலகத்தில் தலைவர் டாயில் அந்தச் சட்டத்தின் பதினோராம் பக்கத்தைப் படித்துக் காட்டியிருந்தார். தொழிற்சங்க ஒப்பந்தம் உள்ள ஓட்டல்களில் அந்த ஒப்பந்தக் கூலியே செல்லும், இந்தச் சட்டம் அங்கே பொருந்தாது என்று ஒரு வரி.

"அப்ப நம்மாளுங்களுக்கு?" என்று வனெட்டா கேட்டாள். அவர்கள் கூலி பதினாலரை.

"அடுத்த ஒப்பந்தத்துல பாத்துக்கலாம் வனெட்டா. ரெண்டு வருஷந்தானே. இந்த வரி இருந்தாத்தான் மத்த ஓட்டல்காரன் பதினேழு குடுக்க பயந்துக்கிட்டு நம்மகிட்ட வந்து கையெழுத்துப் போடுவான். நமக்கு ஆள் கூடும். முதலாளிகளும் வாயத் தெறக்க மாட்டாங்க. அவங்களோட புது கட்டடத்துக்கு வரிச்சலுகை வேணும், அதுக்கு நம்ம கவுன்சிலருங்க ஓட்டு வேணும்." டாயில் கண்ணாடியைக் கழற்றினார். "அப்புறம், மன்றத்துல பேச உன்ன விட்டா ஆளில்ல."

அந்தக் கடைசி வாக்கியம்தான் அவளைக் கவிழ்த்தது. அந்த வரிக்குச் சம்மதம் என்று சங்கக் கூட்டத்தில் கை தூக்கச் சொன்னபோது தூக்கினாள். யாரும் அவளை மிரட்டவில்லை, காசும் கொடுக்கவில்லை. ஒரு மைக்குக்காக விலைபோனாள், அவ்வளவுதான்.

அதுகூடப் பரவாயில்லை. ஓட்டெடுப்பு முடிந்து தாழ்வாரத்தில் கேக் வெட்டிக்கொண்டிருந்தபோது ஒராலியா ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"கொமாத்ரே, வெள்ளிக்கெழமையோட வெளுக்கற வேலைய விடறேன். பதினேழுன்னா எனக்கு ஒரு வேலை போதும். பொண்ணுகூட ஒக்காந்து ராத்திரி சாப்பிடலாம்!"

சொல்ல அதைவிட நல்ல நேரம் இல்லை. வனெட்டாவின் வாயில் கேக் இருந்தது. அதை விழுங்கிவிட்டு, "ரொம்ப சந்தோஷம்டி" என்றாள்.

அதற்குப் பிறகு ஆறு வாரம். தினமும் காலையில் ஒரே லிஃப்டில் ஏறினார்கள். 'இன்று சொல்லிவிடலாம்' என்று தினமும் நினைத்தாள், தினமும் மழையைப் பற்றிப் பேசினாள். வெட்கங்கெட்ட நாக்கு, மன்றத்தில் மட்டும் எப்படித்தான் புரண்டதோ!

ஜூலையில் புதுச் சட்டம் அமலுக்கு வந்து முதல் சம்பளம். பக்கத்து லேக்வியூ விடுதியில், சங்கமே இல்லாத இடத்தில், பெண்கள் பதினேழு வாங்கினார்கள். ஹார்பர் கிராண்டில் அதே பதினாலரை. மேனேஜர் சிரித்தபடி, "உங்க சங்கத்தையே கேளுங்க" என்று சொல்லிவிட்டார்.

ஒராலியா நேராக 814-ஆம் அறைக்கு வந்தாள். வனெட்டா தலையணைக்கு உறை போட்டுக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா கொமாத்ரே? நம்மள மட்டும் கழட்டி விட்டுட்டானுங்க! அந்த டாயில் உன்னையும் ஏமாத்திட்டான். அவ்ளோ பேச வெச்சானே உன்னை! வா, ரெண்டு பேரும் போயி அவன் சட்டையப் புடிக்கலாம்."

ஆமாம், என்னையும் ஏமாற்றிவிட்டான் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். அந்த நினைப்பு வந்ததற்கே வனெட்டாவுக்குக் கூசியது.

"என்னை யாரும் ஏமாத்தல," என்றாள். "எனக்கு முன்னாடியே தெரியும். நானும் கை தூக்கினேன்."

ஒராலியாவுக்கு உடனே புரியவில்லை. பிறகு புரிந்தது.

"வேலைய விடப்போறேன்னு நான் சொன்னப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"அந்த வெளுக்கற எடத்துல வேற ஆள் போட்டுட்டாங்க. நேத்து கேட்டேன்."

வனெட்டா தலையணையைக் கட்டிலில் வைத்தாள். அழுகை வந்தது, ஆனால் அழுதால் ஒராலியா தேற்றவேண்டியிருக்கும் என்று அடக்கிக்கொண்டாள். ஒராலியா திட்டவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். விருந்தாளியின் படுக்கையில் அவள் உட்கார்ந்து வனெட்டா பார்த்ததே இல்லை.

"நீதானே எங்க மாடிக்குச் சங்கப் பிரதிநிதி? புகார் எழுதறது உன் வேலைதானே?"

"ஆமா."

"எனக்கு இங்கிலீஷ்ல எழுத வராது. எடு படிவத்தை. எழுது."

வனெட்டா வாசலில் நின்ற தள்ளுவண்டியிலிருந்து படிவத்தை எடுத்துவந்தாள். "யார் மேல?"

"உன் மேல. பேர முழுசா எழுது."

எழுதினாள். நடந்தது என்ன என்ற கட்டத்தில் ஒராலியா சொல்லச் சொல்ல, கை தூக்கியதையும் 'ரொம்ப சந்தோஷம்டி'யையும் எழுதினாள். கடைசியில், புகார்தாரர் என்ன பரிகாரம் கேட்கிறார் என்று ஒரு கட்டம். வனெட்டா பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

"மதியம் சாப்பாட்டு ரூம்ல நம்மகூட வேலை பாக்கற பொம்பளைங்க முப்பத்தோரு பேரும் இருப்பாங்க," என்றாள் ஒராலியா. "நீயே எழுந்து சொல்லணும். நான் சொன்னா ஒருத்தியும் நம்பமாட்டா. உன்னைப் பத்தி இப்படிச் சொன்னேன்னு என்னைத்தான் அடிக்க வருவாளுங்க."

வனெட்டா அதையும் அப்படியே எழுதினாள்.