மருதுபாண்டியின் முறை

மருதுபாண்டியின் வீம்பு அருப்புக்கோட்டை வட்டாரத்துக்கே தெரிந்த வீம்பு. பட்டாளத்து பேண்டில் சாக்ஸபோன் ஊதிவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பிய மனிதர் பேசாமல் இருந்திருக்கலாம். மகள் ரேணுகாதேவி வேற்றுச் சாதிப் பையன் சோலையைக் கட்டிக்கொண்டு பந்தல்குடிக்குப் போனதும், குலசாமி கோயில் வாசலில் பங்காளிகளை நிற்க வைத்து, எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார்: இனி அவளோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. பங்காளிகள் வேட்டியை உதறிக்கொண்டு போய் வயிறாரச் சாப்பிட்டார்கள். இவருக்குத்தான் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. ஊருக்காகச் சத்தியம் பண்ணுகிறவனுக்கு வேறென்ன கிடைக்கும்?

அவரை நடமாட வைத்தது மாதக் கடைசி ஞாயிறு கச்சேரி ஒன்றுதான். அதை ஆரம்பித்தவர் அவருடைய பால்ய சிநேகிதர் ஹபீப் ரகுமான். மஸ்கட்டில் ஒரு ஹோட்டலில் தட்டெடுத்த காலத்தில், அங்கே மேடையில் வாசித்தவர்களைச் சுற்றிச் சுற்றி வந்து கீபோர்டும் ஜாஸும் கற்றுக்கொண்டவர். டிரம்ஸுக்குக் கல்யாண பேண்டு செல்வக்குமார் சேர்ந்தான். சமுதாயக் கூடத்தில் சாயங்காலம் நடக்கும், டிக்கெட் கிடையாது. தறிக்காரர்கள், பென்ஷன்காரர்கள், சும்மா ஃபேன் காற்றுக்கு வருகிறவர்கள் என்று கூடம் முக்கால்வாசி நிறைந்துவிடும்.

ஜாஸ் என்றால் என்ன என்று கேட்டவர்களுக்கு ஹபீப் முதல் கச்சேரியிலேயே விளக்கம் சொல்லிவிட்டார். "பாட்டு எல்லாருக்கும் பொது. ஆனா ஆளாளுக்கு ஒரு முறை வரும். அவன் மனசுல என்ன இருக்கோ அதை அவன் முறையில வாசிப்பான். அவனாத் தலையாட்டி முடிக்கிற வரைக்கும் கலெக்டரே வந்தாலும் குறுக்க வரப்படாது. முடிச்சதும் கை தட்டணும், அம்புட்டுத்தான்." ஊர் அதை வேதம்போலப் பிடித்துக்கொண்டது. அவரவர் முறை முடிந்ததும் கூடமே கை தட்டும்.

குழந்தை பிறந்த பிறகு ரேணுகாவும் வர ஆரம்பித்தாள். கடைசி வரிசை, கதவோர நாற்காலி, மடியில் பிள்ளை. அவர் ஊதுவார், அவள் கேட்பாள், முடிந்ததும் பஸ்ஸுக்குப் போய்விடுவாள். பேச்சில்லை. மாதம் முழுக்க அவர் காத்துக் கிடந்தது அந்தக் கதவோர நாற்காலிக்குத்தான். அதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாவிட்டால் தெரியாதா என்ன?

இந்த ஞாயிறு, கச்சேரிக்கு முன்னால் ஹபீப் அவரைக் கூடத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"ஏலே மருது, ஒனக்குச் சேதி தெரியுமா? சோலைக்கு சார்ஜாவுல வேலை கெடைச்சிருச்சு. குடும்பத்தோட போறாக. இன்னைக்கே மதுரைக்குக் கெளம்பிருவாக, விடியல்ல பிளைட்டு. கச்சேரிய எட்டிப் பாத்துட்டுப் போறேன்னு ரேணு போன்ல சொல்லுச்சு. வேனு வந்து வாசல்ல நிக்குமாம்."

மருதுபாண்டி சாக்ஸபோனைத் துண்டால் துடைக்க ஆரம்பித்தார்.

"இன்னைக்காவது ஒரு வார்த்தை பேசுடா."

"கற்பூரம் அடிச்சிருக்கேன் மாப்ள. மீறிப் பேசி அந்தப் பச்சைப் பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

ஹபீப் தலையைச் சொறிந்தார். பிறகு சொன்னார்: "பேசத்தானே மாட்டேன்னு சத்தியம் பண்ணுன? ஊத மாட்டேன்னு பண்ணலையே. ஒன் முறை வருதுல்ல, எல்லாத்தையும் அதுல சொல்லு. ரேணு ஒன் ஊத்தலக் கேட்டு வளந்த பிள்ள. அதுக்குத் தெரியும்."

அந்த யோசனை மருதுபாண்டிக்குத் தாகத்துக்குத் தண்ணீராக இருந்தது. பாழாய்ப்போன யோசனை.

மூன்றாவது பாட்டில் அவள் வந்து உட்கார்ந்தாள். வெளிநாட்டுக்குப் போகிற புதுச்சேலை. பிள்ளைக்குத் தொப்பி போட்டிருந்தாள். அவருடைய முறை வந்தது. முதல் நாலு மூச்சு அவளைப் பார்த்துக்கொண்டேதான் ஊதினார். கண் நிறைந்தது. அழுதால் உதடு நடுங்கும், உதடு நடுங்கினால் சுரம் நிற்காது. கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு வாசித்ததெல்லாம் அவளுக்கு. லீவு முடிந்து கிளம்புகிற அன்று பட்டாளத்துத் தொப்பியை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தவளை ஊதினார். இதே சாக்ஸபோனை வாயில் வைத்து எருமைக்கன்று மாதிரி ஒரு சத்தம் எழுப்பிவிட்டுத் தானே பயந்து ஓடியவளை ஊதினார். தப்பு என்மேல்தான் தாயி, தப்பு என்மேல்தான் என்று திரும்பத் திரும்ப ஊதினார். தலையாட்டி முடிக்க மனம் வரவில்லை. முடித்தால் அவள் எழுந்து போய்விடுவாள். ஊதிக்கொண்டிருக்கிற வரை இருப்பாள் என்று அந்தப் பாவி மனிதர் நம்பினார்.

வெளியே வாசலில் ஹாரன் அடித்தது. ஊதுகிற லயிப்பில் வேன் ஞாபகமே வரவில்லை, ஏதோ தெரு வண்டி என்று நினைத்தார். நல்ல வாசிப்புக்காரர் காதில் விழுந்த எதையும் விடமாட்டார். அந்த ஹாரனின் சுரத்தை அப்படியே பிடித்து ஊதிக் காட்டினார். கூடம் சிரித்தது. ஹாரன் மறுபடி அடித்தது, நீளமாக. அவரும் நீளமாகப் பதில் சொன்னார். சிலர் விசில்கூட அடித்தார்கள். மூன்றாவது ஹாரன் வரவில்லை. மூச்சு ஓயும் வரை ஊதித் தலையை ஆட்டினார். கூடம் அதிரக் கை தட்டியது. கண்ணைத் திறந்தார்.

கதவோர நாற்காலி காலியாக இருந்தது.

ஹபீப் கீபோர்டைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. "மேடைக்குக் கீழயே வந்து நின்னுச்சு மாப்ள. பிள்ளையத் தூக்கிக் காட்டிக்கிட்டே ரொம்ப நேரம் நின்னுச்சு. ரெண்டு தடவை ஹாரன் அடிச்சதும் போயிருச்சு."

"ஏன்டா என்னைத் தொட்டு எழுப்பல?"

"ஒன் முறைதானேடா ஓடிக்கிட்டிருந்துச்சு," என்றார் ஹபீப். சொன்ன பிறகுதான் அவருக்கே தன் வாய் கசந்தது.

மருதுபாண்டி வாசலுக்கு ஓடினார். திருச்சுழி போகிற பஸ் ஒன்றுதான் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. பின்னாலேயே வந்த ஹபீப் போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். வண்டி இரைச்சலுக்கு நடுவில் ரேணுகாவின் குரல் கேட்டது.

"நின்னு பாத்தேன் மாமா. அவுக கண்ணைக்கூடத் தொறக்கல. என் மொகத்தத்தான் பாக்க வேணாம், பேரன் மொகத்தையுமா? இன்னும் கோவம் ஆறலைன்னு தெரிஞ்சுபோச்சு. இனிமே எங்களப் பத்தி அவுகட்டப் பேசாதீக. வச்சிர்றேன்."

"ரேணு," என்றார் மருதுபாண்டி. நாலு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயர் வாயிலிருந்து வந்துவிட்டது. "ரேணு, அப்பா பேசுறேன் தாயி."

போன் முன்பே அணைந்திருந்தது. ஹபீப் மறுபடி அடித்தார், மறுபடியும் அடித்தார். சுவிட்ச் ஆஃப் என்று ஒரு பெண் குரல் தமிழிலும் இங்கிலீஷிலும் சொல்லியது. சத்தியமும் போய், சத்தியத்தை யாருக்காக உடைத்தாரோ அந்த மகளும் போய்விட்டாள். உள்ளே அடுத்து செல்வக்குமாரின் முறை முடிந்திருக்க வேண்டும். சொல்லிக் கொடுத்தபடி ஊர் கை தட்டியது.