முதலாளியின் இடுப்பு

எங்கள் கம்பெனி லிஃப்ட் மாட்டுகிற கம்பெனி. ஊரில் உள்ளவர்களையெல்லாம் மேலே ஏற்றிவிட்டு நாங்கள் தரைத்தளத்தில் உட்கார்ந்திருப்போம். சர்வீஸ் பிரிவில் நான் துணை மேலாளர். துணை என்றால், லிஃப்ட் ஓடும்போது யாருக்கும் ஞாபகம் வராத, பாதியில் நின்றால் மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் வருகிற ஆள்.

மனைவிக்கு வேறு ஊரில் வேலை. ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடம், நிரந்தரப் பணி, விட முடியாது. மகளும் அவளோடுதான். மாதம் ஒருமுறை ரயிலேறிப் போய் என் சொந்த வீட்டில் விருந்தாளியாக இருந்துவிட்டு வருவேன். போன தடவை மகள் எனக்குக் குளியலறையைக் காட்டி, "வெந்நீர் இந்தப் பக்கம் திருகணும்ப்பா, பார்த்து" என்றாள். ஓட்டல்காரர்கள்கூட அவ்வளவு பணிவாகச் சொல்ல மாட்டார்கள்.

அந்த ஊரில் எங்களுக்கு ஒரு கிளை உண்டு. அதன் மேலாளர் ஓய்வு பெறப் போகிறார் என்று தெரிந்ததும் எனக்குத் தூக்கம் போயிற்று. அந்த நாற்காலி கிடைத்துவிட்டால் நான் அப்பாவாகப் பதவி உயர்வு பெற்றுவிடுவேன்.

ஆனால் எங்கள் முதலாளி மாற்றல் விஷயத்தை ஆபீசில் பேசவே மாட்டார். சனிக்கிழமை காலையில் கோல்ஃப் மைதானத்தில் அவரோடு நடக்கிறவர்களிடம்தான் பேசுவார். "ஆளை வெயில்ல நிக்க வச்சுப் பார்த்தாத்தான்யா தெரியும்" என்பது அவர் கொள்கை. ஆகவே, வாழ்நாளில் கேரம் பலகையைத் தாண்டாத நான் கோல்ஃப் கற்கப் போனேன்.

ஊருக்கு வெளியே பயிற்சி மைதானம். வரிசையாகப் பச்சை விரிப்புகள், எதிரே வலை. கோச் ஒரு பெண். என் தங்கை வயதுதான் இருக்கும். நான் பத்துப் பந்து அடிக்கும் வரை பேசாமல் பார்த்தாள்.

"சார், விறகு வெட்டறீங்க."

"பந்து போகுதே மேடம்."

"பயந்து ஓடுது சார். மட்டையை மேல தூக்கறது சரியா இருக்கு. கீழ இறக்கறப்பதான் வினையே. கையால இழுக்காதீங்க. முதல்ல இடுப்பு திரும்பணும். இடுப்பு திரும்பினா கை தானா இறங்கும். வலது முழங்கை விலாவை ஒட்டி வரணும். அப்புறம் இன்னொண்ணு. அடிக்கறதுக்கு முன்னாடியே எழுந்து நிக்கறீங்க."

"நானா?"

"யாரோ பெரிய அதிகாரி உள்ள வந்த மாதிரி விறைப்பா எழுந்துக்கறீங்க. குனிஞ்ச முதுகு, பந்து போற வரைக்கும் குனிஞ்சே இருக்கணும்."

ஆபீசில் காலமெல்லாம் குனிந்த முதுகு. போயும் போயும் இங்கே வந்துதானா நிமிர வேண்டும்?

எனக்குப் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டாள். மட்டை இறங்கும்போதும் என் பின்பக்கம் அதைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும், நாற்காலியை விட்டு விலகினால் எழுந்துவிட்டேன் என்று அர்த்தம். வலது அக்குளில் ஒரு சின்னத் துண்டு. அது சீக்கிரம் விழுந்தால் கை தனியாக ஓடுகிறது என்று அர்த்தம். வாடகை அறையில் குடையை வைத்துக்கொண்டு தினமும் பழகினேன். ஒருநாள் மைதானத்தில், எத்தனையோ வீச்சுக்குப் பிறகு, துண்டும் விழவில்லை, நாற்காலியை விட்டு நானும் விலகவில்லை. பந்து கோடு போட்ட மாதிரி போயிற்று. "ஆங், அதான்!" என்றாள் கோச். எனக்குக் கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரிப்பு வரவில்லை.

முதலாளியோடு வழக்கமாக ஆடும் ஒருவர் முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். கடவுளே, அவர் நன்றாக இருக்கட்டும். அந்த இடத்தில் நான் நுழைந்தேன். கிளைப் பேச்சை எடுக்க வார்த்தைகளை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். முதலாளி மட்டையை ஓங்கினார். கை முதலில் பாய்ந்தது, இடுப்பு தூங்கியது, பாதியில் ஆள் எழுந்து நின்றார். பந்து வலப்பக்கமாக வளைந்து புதருக்குள் போயிற்று. என் வியாதியேதான், ஆனால் முற்றின நிலை.

மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்து, "சார், நீங்க எழுந்துக்கறீங்க" என்று உளறிவிட்டேன்.

கூட வந்தவர்கள் வானத்தில் ஏதோ பறவையைத் தேடினார்கள். முதலாளி என்னையே பார்த்தார்.

"எழுந்துக்கறேனா? காட்டு பார்ப்போம்."

என் மட்டைப் பையை அவர் பின்பக்கத்துக்கு முட்டுக் கொடுத்து நிறுத்தினேன். என் கைக்குட்டையை அவர் அக்குளில் செருகினேன். ஒரு முதலாளியின் அக்குள் வரை போன ஊழியன் எங்கள் கம்பெனியில் நான் ஒருவன்தான். இரண்டாவது வீச்சில் பந்து நேராகப் போயிற்று. அந்த மனுஷர் வாயைப் பிளந்துகொண்டு அது விழுந்த இடத்தையே பார்த்தபடி நின்றார்.

பிறகு எல்லாச் சனிக்கிழமைக் காலையும் நான்தான். ஊருக்குப் போகிற சனியில்கூட ஆட்டம் முடிந்துதான் ரயிலேறுவேன். சனி போதாமல் புதனும் சேர்ந்தது. மத்தியானத்தில் கூப்பிட்டு அனுப்புவார், அறைக் கதவைச் சாத்திவிட்டு அளவுகோலை மட்டையாகப் பிடித்து, "இடுப்பைப் பாருய்யா, இடுப்பைப் பாரு" என்பார். ஆபீசில் என்னை 'இடுப்பு மேனேஜர்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

"கேட்டீங்களா?" என்பாள் மனைவி போனில்.

"இப்பத்தான் நல்ல மூடுக்கு வந்திருக்காரு. அடுத்த வாரம் கேட்டுடறேன்."

"அவருக்கு மூடு வருது. நமக்கு நரை வருது."

கடைசியில் கேட்டேன். முதலாளி நான் ஏதோ தற்கொலைக்கு அனுமதி கேட்டது போல் பதறினார்.

"நீயா? அங்கயா? என்னப்பா, என் கையை வெட்டிக்கிட்டுப் போறேங்கறியே! அந்தக் கிளைக்கு யார் வேணா போகலாம். 'மின்னல்' போகட்டும்."

மின்னல் எங்கள் கணக்குப் பிரிவுக்காரர். ஒரு கடிதத்துக்கு மூன்று வாரம் எடுத்துக்கொள்வதால் அந்தப் பெயர். அவரே என் மேஜைக்கு வந்து தலையைச் சொறிந்தார்.

"அண்ணே, நான் கேக்கவே இல்லண்ணே. எனக்கு அந்த ஊர்த் தண்ணியே ஒத்துக்காது."

"அப்புறம் ஏன்யா உன்னை அனுப்பறாரு?"

"எனக்கு கோல்ஃப் தெரியாதில்ல? நான் போனா அவருக்கு என்ன நஷ்டம்?"

உத்தரவு திங்கட்கிழமை கையெழுத்தாகும். நடுவில் ஒரு சனிக்கிழமை இருந்தது. அவருடைய வீச்சைக் கெடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். எரிச்சலில் என்னைத் துரத்தட்டும். துரத்துவதற்குத் தோதான தூரத்தில்தான் கிளை இருக்கிறது.

"சார், இன்னிக்கு வேற மாதிரி பண்ணுவோம். கையை முதல்ல வேகமா இழுங்க. இடுப்பு அப்புறம் வரட்டும். அடிக்கறப்ப நல்லா நிமிந்துக்கங்க."

ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சொன்னபடியே செய்தார். முதல் பந்து புதருக்குப் போயிற்று. இரண்டாவது பந்து நகரவே இல்லை. மூன்றாவது வீச்சில் மட்டை தரையைப் பெயர்த்தது, அவர் "அம்மா" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார். கூட வந்தவர்களில் ஒருவர் இருமுவது போலச் சிரித்தார். முதலாளி கத்துவார் என்று காத்திருந்தேன்.

"நீ சொன்னதை நான் சரியா பண்ணலியாப்பா?" என்றார், பரீட்சையில் கோட்டை விட்ட பிள்ளையைப் போல. "எனக்கு வயசாயிடுச்சு. சொல்லிக் குடுத்தாலும் ஏற மாட்டேங்குது."

அதுதான் நேரம். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும். என் கையோ பாக்கெட்டுக்குள் போய்க் கைக்குட்டையை எடுத்துவிட்டது.

"இல்ல சார், நான்தான் தப்பா சொல்லிட்டேன். இதை அக்குள்ல வச்சுக்கங்க. பின்பக்கம் பையைத் தொட்டுக்கிட்டே இருக்கட்டும். இடுப்பு முதல்ல. மெதுவா."

பந்து நேராகப் போயிற்று. இதுவரை அவர் அடித்ததிலேயே நேரானது.

"பார்த்தீங்களாய்யா?" என்று என் தோளை அணைத்துக்கொண்டார். "இவன் இல்லைன்னா நான் இன்னிக்கு மட்டையைத் தூக்கிப் போட்டிருப்பேன்." அங்கேயே போனை எடுத்து, திங்கட்கிழமை வரை எதற்கு, மின்னலுக்கு இன்றைக்கே உத்தரவை அனுப்புங்கள் என்று ஆபீசுக்குச் சொன்னார். பிறகு என்னிடம், "அடுத்த சனி, ஞாயிறு போட்டி இருக்கு. நீ கூட இருக்கணும், என்ன?" என்றார். நான் ஊருக்குப் போக வேண்டிய சனி, ஞாயிறு அது. தலையாட்டினேன்.

அன்று மத்தியானமே மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கெடுத்ததையும் சரி செய்ததையும்.

"கெடுத்தது சரி. திரும்ப ஏன் சரி பண்ணீங்க?"

"இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரும்மா. பார்க்கப் பாவமா இருந்துச்சு."

"ம். பக்கத்துல நின்னு பார்த்தீங்க, பாவமா இருந்துச்சு." என்றாள். "எங்களைப் பார்க்கறதுக்கு நீங்க பக்கத்துல இருந்தாத்தானே?"

நான் ஒரு ஜோக் சொல்லலாமா என்று தேடினேன். எப்போதும் ஒன்று கையிருப்பில் இருக்கும்.

"அடுத்த வாரம் வர முடியாது" என்றேன்.

அவள் போனைத் தள்ளிப் பிடித்து, "அப்பா அடுத்த வாரம் வரலையாம்டி" என்று உள்ளே பார்த்துச் சொன்னது கேட்டது.

"சரி" என்றாள் மகள், உள்ளே இருந்தபடியே. ஏன் என்று கேட்கவில்லை.