முந்திக் காய்ச்சிய பால்

துளசியின் இடுப்பில் பதினான்கு வீட்டுச் சாவிகள் தொங்கின. ஒன்றுகூட அவளுடையதில்லை. மலையூரான தானா ராத்தாவில் சுற்றுலாக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடும் வீடுகளைக் கூட்டித் துடைத்து, படுக்கை விரிப்பு மாற்றுவது அவள் வேலை. கையில் வெண்ணெய் இருக்க நெய்க்கு அலைவானேன் என்று யாராவது கேட்டால், வெண்ணெய் அடுத்தவருடையது என்றுதான் சொல்ல வேண்டும்.

அவளுக்கு ஒரு வீடு வேண்டும், அதுவும் ஜூலை முடிவதற்குள். அப்பா சின்னக்கருப்பன் தேயிலைத் தோட்டத்தில் நாற்பத்தொரு வருடம் மருந்தடித்து ஓய்வு பெற்றுவிட்டார். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். காலி செய்யச் சொல்லும் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, தோட்ட ஆபீஸ் கிராணி தலையைச் சொறிந்துகொண்டே போனார். அவர்தான் என்ன செய்வார்.

இரண்டு மாதமாகத் தேடினாள். மாத வாடகை அறுநூறு வெள்ளிக்கு மேல் அவளால் கொடுக்க முடியாது. சுற்றுலாக்காரன் இரண்டு ராத்திரிக்குக் கொடுப்பதை மாதம் முழுவதற்கும் வாங்கிக்கொள்ள எந்தப் புண்ணியவான் சம்மதிப்பான்? ஒருவர் சமைக்கக் கூடாது என்றார். இன்னொருவருக்குச் சாம்பிராணி வாசம் ஆகாது. வேறொருவர் போனில் பெயரைக் கேட்டதுமே வீடு போய்விட்டது என்றார். மறுவாரமும் அந்த வாசலில் வாடகை அட்டை தொங்கியது. கம்போங் ராஜா வரை போனதற்குக் காய்கறித் தோட்டத்தின் பின்னால் உர மூட்டை அடுக்கிய தகரக் கொட்டகை ஒன்று கிடைத்தது. அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கால்தான் வலித்தது.

கடைசியில் அவள் துடைக்கிற வீடுகளிலேயே ஒன்று வாய்த்தது. மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. பெட்டி தூக்கி ஏறிய விருந்தாளிகள் இணையத்தில் திட்டித் திட்டி எழுதியதில் வீடு பாதி நாள் காலியாகக் கிடந்தது. வீட்டுக்குச் சொந்தக்காரர் யுவனேஸ்வரி, ஈப்போவில் ஓய்வு பெற்ற ஆசிரியை.

"அறுநூறே குடும்மா. சும்மா பூட்டிக் கெடக்கிறதுக்கு நீயாவது இரு. செவ்வாக்கெழம வரேன், எழுதிக்கலாம்" என்றார் போனில்.

அப்பா விரல் விட்டு எண்ணினார். "பொதன்கெழம ஆடி பொறக்குது. ஆடியில குடி போவாங்களா? நான் வரலம்மா."

"ஆவணி வரைக்கும் தோட்டத்துத் தொர லயத்துல வுடுவாராப்பா?"

"அப்ப ஆனியிலேயே பால காய்ச்சிடு. செவ்வா ஆகாது, திங்கக்கெழம காய்ச்சு. ஒரு தடவ பொங்கிட்டா அப்புறம் எப்ப வேணா சாமான ஏத்தலாம்."

யுவனேஸ்வரியிடம் ஒரு வார்த்தை கேட்கலாமா என்று துளசி யோசித்தாள். பால் காய்ச்சுவதற்கு யாராவது கோபிப்பார்களா, நல்ல காரியம்தானே என்று விட்டுவிட்டாள். சாவிதான் இடுப்பிலேயே இருந்ததே. திங்கட்கிழமை விடிந்ததும் சாமி படத்தை வைத்து, புதுப் பாத்திரத்தில் காய்ச்சினாள். பால் கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்தது. அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். நிம்மதியாக அழுது எத்தனையோ நாளாகியிருந்தது. பிறகு அடுப்பைத் துடைத்தாள். பர்னரைச் சுற்றிப் பழுப்புக் கறை மட்டும் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை அப்பாவும் வந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடிக்கு மாடி நின்று ஏறினார். யுவனேஸ்வரி ஒப்பந்தத் தாளை மேசையில் விரித்து, பேனாவைத் திறந்தார். அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"நல்ல ராசியான வூடு, தாயி. நேத்து பால் காய்ச்சினோம். கெழக்கால பொங்கிச்சி பாருங்க, நீங்களும் நல்லா இருப்பீங்க."

பேனா நின்றது. யுவனேஸ்வரி எழுந்து போய் அடுப்பைப் பார்த்தார். திரும்பி வந்தபோது முகத்தில் கோபமில்லை, பயம் இருந்தது.

"வாங்கினதிலேருந்து விருந்தாளிக்கே விட்டுட்டேன். நானே இன்னும் இந்த வீட்டுல பால் காய்ச்சலையேம்மா."

"தெரியாமப் போச்சும்மா. நல்லதுன்னுதான்..."

"நல்லதுதான்லா, யாரு இல்லன்னா. ஆனா சொந்தக்காரி நான் இருக்க நீ முந்திட்ட. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரிய வெரட்டுன மாதிரி ஆயிடும். எங்க வீட்டுக்காரர் கேட்டா ஒத்துக்கவே மாட்டாரு."

"கால்ல வேணா விழறேன், தாயி. எம்மவ மேல தப்பில்ல, நாந்தான் காய்ச்சச் சொன்னேன்" என்றார் அப்பா.

"வயசுல பெரியவரு, அப்படியெல்லாம் பேசாதீங்க ஐயா." தாள் மடிந்து பைக்குள் போனது. "வேலைய வழக்கம்போலப் பாத்துக்கம்மா துளசி. அதுல ஒண்ணும் மாத்தமில்ல." கொஞ்சம் தயங்கினார். "கீழ கடையில ஒரு லிட்டர் பால் வாங்கிட்டு வந்துடு. செவ்வாயா இருந்தா இருக்கட்டும், நாளைக்கு ஆடி பொறந்துடும்."

துளசி மூன்று மாடி இறங்கி, பால் வாங்கி, மூன்று மாடி ஏறினாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் அப்பா படியில் உட்கார்ந்திருந்தார். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"என் வாயிதாம்மா" என்றார்.

"வுடுங்கப்பா. நாளைக்குக் கம்போங் ராஜா போயி அந்தக் கொட்டாய கேட்டுப் பாக்கலாம்."

யுவனேஸ்வரி கையில் சூடத்தோடு காத்திருந்தார். நேற்றைய பாத்திரம் அங்கேயே இருந்தது, அதிலேயே ஊற்றினார்கள். பால் பொங்கி நாலாபக்கமும் வழிந்தது. யுவனேஸ்வரி கண்ணை மூடிக் கும்பிட்டார். கும்பிட்டு முடித்து, அடுப்பைக் கொஞ்சம் நல்லாத் துடைச்சிடும்மா, சனிக்கிழமை விருந்தாளி வருது என்றார்.

துளசி துணியை நனைத்துக்கொண்டு வந்தாள். புதுப் பால் ஒரே துடைப்பில் போய்விட்டது. பழைய கறையைத்தான் நெடுநேரம் தேய்க்க வேண்டியிருந்தது.