தம்பி பற்றவைத்த எர்த்

வீட்டை விட்டுப் போன மூன்றாவது வாரம் தம்பி ஆம்ப்ளிஃபயரின் ஒலிபெருக்கி வழியாகத் தும்மினான். அப்போது ரெக்கார்டு எதுவும் ஓடவில்லை. தட்டு கழுவிக்கொண்டிருந்த அண்ணி பழக்கத்தில் "நூறு" என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டை எடுத்தாள். பிறகுதான் அது அவள் கையிலிருந்து நழுவியது.

அந்த ஆம்ப்ளிஃபயர் அண்ணனும் தம்பியும் சேர்ந்து வீட்டிலேயே செய்தது. அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். தம்பிக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. இடித்துப்போட்ட சினிமாக் கொட்டகையிலிருந்து கண்ணாடிக் குமிழ் வால்வுகள் வந்தன. பேக்கரித் தட்டு ஒன்றைக் கவிழ்த்துத் துளை போட்டதுதான் பெட்டி. டிரான்ஸ்ஃபார்மரை ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து கையாலேயே சுற்றினார்கள். மின்சாரம் வரும் பாதி அண்ணனுடையது, பாட்டு வரும் பாதி தம்பியுடையது. வால்வுகள் சூடேறிச் செம்மஞ்சளாக ஒளிரத் தொடங்கியதும் அண்ணி விளக்கை அணைத்துவிடுவாள். மூவரும் அந்த வெளிச்சத்தில்தான் சாப்பிட்டார்கள். அந்த நாட்களில் எதைச் சாப்பிட்டாலும் ருசியாக இருந்தது என்று அவள் பின்னால் பலரிடம் சொன்னாள்.

சண்டை வந்தது எர்த் கம்பியால். எல்லா எர்த்தும் ஒரே திருகாணியில் வந்து சேர வேண்டும் என்பது அண்ணனின் கட்சி. எல்லாம் ஒரே தகரம்தானே, பக்கத்தில் எங்கே பற்றவைத்தால் என்ன என்பது தம்பியின் கட்சி. அண்ணன் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் தம்பி முதல் வால்வின் எர்த்தை அதன் அருகிலேயே பற்றவைத்துவிட்டான். சுவிட்சைப் போட்டதும் 'ம்ம்ம்' என்று ஒரு ஹம் எழுந்தது. "என்னப்பா, வண்டு வளர்க்கிறீங்களா?" என்று எதிர்வீட்டுத் தையல்காரர் ஜன்னல் வழியாகக் கேட்டார். அதில் அண்ணனுக்கு மானம் போனது. பேச்சு எர்த்தை விட்டு எங்கெங்கோ போய், கடைசியில், "என் வீட்டுல இருக்கணும்னா என் பேச்சைக் கேட்டு இரு" என்பதில் வந்து நின்றது. தம்பி சட்டைகளை மடிக்காமல் பைக்குள் திணித்துக்கொண்டு போனான். எந்த ஊருக்கு என்று யாருக்கும் தெரியவில்லை.

தும்மலுக்குப் பிறகு மற்றதெல்லாம் வந்தது. ஹம்முக்கு அடியில் கடை ஷட்டர் ஏறும் சத்தம், ஸ்டவ்வுக்குக் காற்றடிக்கும் சத்தம், வெங்காயம் வாணலியில் விழும் சத்தம். "தீயக் குறைங்க தம்பி, கருகப் போகுது" என்று அண்ணி ஒலிபெருக்கியைப் பார்த்துச் சொல்லுவாள். அவனுக்குக் கேட்காது. அது கருகும். தையல்காரர் மாலையில் எட்டிப்பார்த்து, "ஆள் வந்தாச்சா?" என்பார். "இன்னும் வரலைண்ணே, பஸ்ஸு லேட்டு போல" என்பாள்.

மெக்கானிக் அண்ணனுக்கு இது பழுது, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு மறு கையால் மட்டும் தேடினார். இரண்டு கையையும் பெட்டிக்குள் விட்டால் ஷாக் நெஞ்சு வழியாகப் போகும். முதல் வால்விலிருந்து தொடங்கினார். அதைக் கழற்றியதுமே தம்பியின் இருமல் பாதியில் நின்றது. ஆக, பழுது அங்கே. வால்வை மாற்றினார், இருமல் தொடர்ந்தது. பாட்டு நுழையும் கம்பியை எர்த்தோடு சேர்த்துப் பார்த்தார், அப்போதும் தொடர்ந்தது. அப்படியென்றால் அது நுழைவது எர்த் வழியாகத்தான்.

"அந்தக் கம்பியத் தொடாதீங்க" என்றாள் அண்ணி.

"ஹம் வருதுல்ல?"

"வரட்டுமே. அதோட அவரும் வர்றாரு."

"பழுதுன்னா பழுதுதான்" என்று சொல்லிவிட்டு, தம்பி பற்றவைத்ததை உருக்கி எடுத்து, கம்பியைத் தன் திருகாணிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஹம் நின்றது. தம்பியும் நின்றான். ஆம்ப்ளிஃபயர் அத்தனை சுத்தமாகப் பாடியது. அண்ணி ஒரு பாட்டு முழுவதும் கேட்டாள். "சுத்தமாத்தான் இருக்கு, ஆளில்லாத வீடு மாதிரி" என்று சொல்லிவிட்டு விளக்கைப் போட்டாள்.

அந்தச் சுத்தம் பெட்டிக்குள் அடங்கி இருக்கவில்லை. முதல் வருடம் குழாய் சொட்டும் சத்தம் போனது. பிறகு நாற்காலி இழுக்கும் சத்தம், கதவின் கிறீச், தையல்காரர் ஜன்னலுக்குள் தலை நீட்டிச் செய்யும் கேலி என்று ஒவ்வொன்றாகப் போயின. தலை நரைத்ததும் லிஃப்டுகள் புதிதாக மாறியதும் சத்தமில்லாமல் நடந்தன. ஒரு ஞாயிறு மதியம் மெக்கானிக் குளியலறையிலிருந்து துண்டு கேட்டார். அண்ணி துண்டோடு வந்து வாசலில் ஏதோ சொன்னாள். உதடுகள் அசைந்தன, ஒன்றும் கேட்கவில்லை. இத்தனை நாள் அவள் பேசாமல் இருந்தாளா, பேசியது கேட்காமல் போனதா என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஈரத்தலையோடு போய்ப் பற்றவைக்கும் இரும்பைச் சூடாக்கினார்.

கம்பியைத் தம்பி வைத்த இடத்திலேயே வைத்தார். ஹம் வந்தது. கூடவே குழாய் சொட்டுவது கேட்டது. "தலையத் துவட்டுங்க முதல்ல" என்று அண்ணி சொன்னது கேட்டது. தம்பி மட்டும் வரவில்லை. நெடுநேரம் காத்திருந்தார். வால்வு ஏதாவது உள்ளே தளர்ந்திருக்கும் என்று, எந்த மெக்கானிக்கும் செய்வதுபோல, பென்சிலால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். முதல் வால்வைத் தட்டியதும் 'டொக் டொக்' என்று ஒலிபெருக்கி அதிர்ந்தது.

"யாரு?" என்றது தம்பியின் குரல். கொஞ்சம் தடித்திருந்தது. "கதவு தொறந்துதான் இருக்கு, உள்ள வாங்க."

மெக்கானிக் பைக்குள்ளிருந்து கையை எடுத்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடி உள்ளே விட்டார்.

"கேக்கறாருல்ல? சொல்லுங்களேன்" என்றாள் அண்ணி.

"நான்தான்டா" என்றார் வால்விடம்.

கதவை இழுத்துப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு, "அண்ணனா? கதவுக்குள்ள இருந்து என்ன பண்ற?"

"எர்த்தை நீ வெச்ச இடத்துலயே வெச்சுட்டேன்."

"ஹம் வருமே."

"வருது. வந்துட்டுப் போகட்டும். நீ எப்ப வர்ற?"

அடுத்த மாதம் தம்பி மனைவியோடும் மகளோடும் வந்தான், சட்டைகளை மடித்து எடுத்துக்கொண்டு. லீவு முடிந்ததும் திரும்பிப் போனான், வேலை அங்கே இருந்தது. அவனிடம் ஆம்ப்ளிஃபயர் கிடையாது. அண்ணன் பேசியது அவன் வாசற்கதவின் மரத்திலிருந்துதான் வந்தது, இன்றும் அப்படித்தான் வருகிறது. அதனால் வீடு மாறும்போதெல்லாம் வீட்டுக்காரருக்குப் புதுக் கதவு ஒன்று வாங்கி மாட்டிக் கொடுத்துவிட்டு, பழையதைச் சாமான் வண்டியில் மெத்தைகளுக்கு நடுவே படுக்கவைத்துக் கொண்டுபோவான். புது வீடு பார்க்கப் போனால் வாடகையைக் கேட்பதற்கு முன் பழைய கதவு பொருந்துமா என்று வாசல் நிலையை அளப்பான். எவ்வளவு காற்றோட்டமாக இருந்தாலும், பெரியப்பா நுழையாத வீடு அவன் மகளுக்குப் பிடிப்பதில்லை.